தானியங்கி ரத்த அழுத்தக் கட்டுப்பாடு: அறுவை அரங்கின் நிலை வேறு
இதய அறுவை சிகிச்சையில் ரத்த அழுத்தத்தைக் கணினியிடம் ஒப்படைப்பது இப்போதுதான் சாத்தியமாகியிருக்கிறது என்று இந்தத் தொழில்நுட்பம் பற்றி வெளியான கட்டுரை ஒன்று கூறுவதை ஏற்க இயலவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில், அறுவை நிபுணர் ஜான் கிர்க்லினும் பொறியாளர் லூயிஸ் ஷெப்பர்டும் 1970-களிலேயே, அறுவை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளிகளுக்கு ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் நைட்ரோபுருசைடு மருந்தின் அளவைக் கணினி கூட்டிக் குறைக்கும்படி செய்துகாட்டினார்கள். ஓரிரு நிமிடங்களில் செயல்பட்டு, நிறுத்தியதும் விரைவில் தணியும் மருந்து என்பதால் அது அங்கே பொருந்தியது. அறுவை அரங்கிலோ, மயக்கவியல் மருத்துவராக நான் அடிக்கடி காண்பதுபோல், அறுவை நிபுணர் இதயத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்தாலே அழுத்தம் சட்டென்று சரிந்து, கையை எடுத்ததும் தானே மீளும். அந்த இடைவெளியில் கருவி அழுத்தத்தை உயர்த்தும் மருந்தைச் செலுத்திவிட்டால், தானே மீளும் அழுத்தம் மருந்தாலும் சேர்ந்து மிகையாக ஏறும்; பெருந்தமனியில் புதிதாகப் போட்ட தையல்தான் அதைத் தாங்க வேண்டும். அழுத்த உணரி இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. கீழே இறங்கினாலே அளவு சுமார் 7 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டும். அதையும் கருவி உண்மையென்றே எடுத்துக்கொள்ளும். மருத்துவரின் கவனம் களைத்துவிடும், கருவி களைக்காது என்று அந்தக் கட்டுரைக்கு ஒரு வாசகர் எழுதியிருப்பது சரியே. அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவின் நீண்ட இரவுகளுக்கு இதை முழுமனதுடன் வரவேற்கிறேன். அரங்கிலோ, மருந்தளவைக் கருவி பரிந்துரைக்கட்டும், செலுத்தும் முடிவு அறுவை நிபுணரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவரிடமே இருக்கட்டும்.