இதையா இழுவை என்கிறார்கள்?

1963-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, “சரியான இழுவை, ரயில் ஏறும் வரைக்கும் ஒன்றுமே நடக்காது” என்கிறார்கள். கேட்கக் கேட்க எரிச்சலாக வருகிறது.

ஒன்றுமே நடக்காதா? படம் தொடங்கியதுமே இருட்டுத் தோட்டத்தில், பாண்ட் முகமூடி போட்ட ஒருவனைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறார் வில்லனாக வரும் ராபர்ட் ஷா. அப்புறம் இஸ்தான்புல் முழுக்க வாயே திறக்காமல் நிஜ பாண்டைப் பின்தொடர்கிறார். அவர் குரலை முதன்முதலாக ரயில் பயணத்தின் நடுவில்தான் கேட்கிறோம். அதுவரை அவரைப் பேசவிடாமல் வைத்திருந்ததால்தான், அந்தக் குரல் வந்ததும் வயிற்றைக் கலக்குகிறது. பிறகு அந்தச் சின்னப் பெட்டிக்குள் நடக்கும் சண்டை! பின்னணி இசை கிடையாது. ரயில் சத்தமும் மூச்சிரைப்பும் அடியும்தான். பாண்டாக வரும் ஷான் கானரி தோற்றுவிடுவாரோ என்று நிஜமாகவே பயம் வரும். இன்றைக்கு வரும் எத்தனை சண்டைகளில் அந்தப் பயம் வருகிறது?

இஸ்தான்புல்லில் பாண்டுக்கு உதவும் ‘கெரீம் பே’ என்ற பாத்திரத்தில் வரும் மெக்சிகோ நடிகர் பெத்ரோ அர்மெந்தாரிஸ் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. புற்றுநோய் முற்றிய நிலையில் நடித்தார். படம் வெளியாகும் முன்பே இறந்துவிட்டார். திரையில் அந்த வலி துளியும் தெரியாது, அவ்வளவு கலகலப்பு.

பிடிக்கவில்லை என்றால் சரி, அது அவரவர் ரசனை. ஆனால் கையில் மொபைலை நோண்டிக்கொண்டே, காட்சிகளை ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.