கிழிந்த பக்கமும் நல்ல மனசும்

மட்டக்களப்பில் பெரும் வயல்காணி வைத்திருந்த போடியார்மாரைப் பற்றிய பழைய புத்தகத்தை இரவல் கொடுத்தால், திரும்பி வரும்போது கிழிந்த பக்கமெல்லாம் செலோடேப்! நல்ல மனசில் செய்ததுதான், அதனால் ஏசவும் முடியாது. குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புத் தந்த 1958 நெற்காணிச் சட்டம், 1972இல் வயலுக்கு 25 ஏக்கர் உச்சவரம்பு என்று வந்து, போடியார், அவருக்காக வயல்வேலையைப் பார்த்த முல்லைக்காரன் உலகம் கரைந்துபோயிற்று. மிஞ்சிய தாளையாவது விட்டுவையுங்களேன்!

அந்தப் பசை நாளாக ஆகத் தாளுக்குள் ஊறி மஞ்சளாகும், பிறகு தவிட்டு நிறம். மட்டக்களப்பு வெக்கையும் வாவிக்கரை ஈரமும் அதை இன்னும் விரைவாக்கும். டேப் காய்ந்து கழன்றாலும் கறை போகாது. உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

டேப்புக்குப் பதிலாக ஒட்டப் பசை காய்ச்சுங்கள்: கோதுமை மா ஒரு கரண்டி, தண்ணீர் ஐந்து கரண்டி. கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கஞ்சிப் பதத்துக்குக் கிண்டி ஆறவிடுங்கள். டிசுத்தாளை ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கையால் கிழியுங்கள் (கத்தரிக்கோலால் வெட்டினால் அந்த நேர் ஓரத்திலேயே தாள் மடிந்து முறியும்). பசையைப் பட்டும் படாமலும் பூசி ஒட்டுங்கள். கூடினால் தாள் சுருங்கும். இரண்டு பக்கமும் கேக் தட்டுக்குப் போடும் தாள், மேலே பாரம், ஒரு இரவு. மிச்சப் பசையை வீசிவிடுங்கள், புளித்துப்போகும்.

இவ்வளவு பொறுமையில்லையா? கிழிந்தபடியே கொண்டுவந்து தாருங்கள், கோடி புண்ணியம்.