முதல் செலவு இன்ஜினுக்கா?
ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தளத்தில் ஃபைபர் கிளாஸ் உடலைப் பொருத்திய பழைய போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் நகலைப் புதுப்பிப்பவர், முதலில் பெரிய 1776 சிசி இன்ஜினை வாங்க வேண்டும் என்கிறார் நான் படித்த கட்டுரையின் ஆசிரியர். எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அடித்தளத்தின் வெல்டிங்கைப் பாருங்கள். பீட்டிலின் இரு அச்சுகளுக்கு இடையே 2400 மி.மீ.; 356-இல் 2100. ஆகவே நடுவில் சுமார் 30 செ.மீ. வெட்டி ஒட்டியிருப்பார்கள். அந்த வேலையைச் செய்தவர் தேர்ந்த வெல்டரா, விடுமுறை நாள் ஆர்வலரா என்பது கம்பளத்தைக் கிழித்தால்தான் தெரியும்.

அடுத்து பின் அச்சு. பழைய பீட்டில்களின் ஸ்விங் ஆக்சில் (கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் மூட்டு உள்ள பின் அச்சு), வளைவில் வேகத்தைச் சட்டென்று குறைத்தால் வெளிப்புறச் சக்கரத்தை உள்ளே மடக்கி, வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும். 1969 முதல் அமெரிக்காவில் விற்ற பீட்டில்களில் இருந்த தனித்தொங்கல் அமைப்புக்கு (அச்சின் இரு முனையிலும் மூட்டு இருப்பதால் சக்கரம் அப்படி மடங்காது) மாறுவது நல்லது. முன்னால் டிஸ்க் பிரேக்கும் வேண்டும். இவை இல்லாமல் குதிரைத்திறனைக் கூட்டுவது வீண் வீம்பு.

பெரிய இன்ஜின் போட்டாலும், அதைச் சுற்றியுள்ள தகடுகளையும் ரப்பர் விளிம்புகளையும் விட்டுவிடாதீர்கள். காற்றால் குளிரும் இன்ஜின் இது. கீழிருந்து வரும் சூடான காற்றையே விசிறி மறுபடி இழுத்தால் எப்படிக் குளிரும்? கட்டுரையின் படத்தில் அந்தத் தகடுகளைக் காணவில்லை. குரோம் மட்டும் பளபளக்கிறது!

விளக்குகள் மங்கலாக எரிகின்றன என்று கேட்டிருந்த நண்பருக்கு: ஃபைபர் உடலில் மின்சாரம் பாயாது. அது திரும்பிச் செல்ல, ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சேஸிஸ் (உலோக அடித்தளம்) வரை தனி எர்த் கம்பி இழுங்கள்.