தாடை மூட்டு ஒட்டினால் எண்ணெய் இளக்காது

வன்னிப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: “வாய் திறக்க முடியாத பிள்ளைக்கு வேப்பெண்ணெய் பூசி இழுத்துவிடுங்கள், ஒப்பரேசன் செய்தால் பேச்சுப் போய்விடும்.” இரண்டும் பிழை.

நாடி அடிபட விழுந்தோ, காதுக் கிருமியாலோ தாடை மூட்டு எலும்பாகவே ஒட்டி வாய் திறக்க முடியாமல் இருந்தால் எண்ணெய் என்ன செய்யும்? இழுத்தால் தாடை முறியலாம். சத்திரசிகிச்சையில் காதுக்கு முன்னால் கீறி, ஒட்டிய எலும்பை வெட்டியெடுத்து, இடைவெளியில் பெரும்பாலும் நெற்றிப்பொட்டுத் தசையை மடித்து வைப்பார்கள். முகத்தை அசைக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் கவனம் தேவைதான். பேச்சுப் போகும் என்பது கதை. கஷ்டம் அதற்குப் பிறகு. மாதக்கணக்கில் ஐஸ்பழக் குச்சிகளைப் பல்லுக்கிடையில் ஒவ்வொன்றாகக் கூட்டி வாயைத் திறந்து பழகவேண்டும், விட்டால் திரும்ப ஒட்டும்.

சந்தேகமென்றால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் கேளுங்கள். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.