கோஹாவுக்கு முதலாளி கிடையாது

"கோஹா ஒரு அமெரிக்கக் கம்பெனியின் சொத்து, அவர்கள் கைவிட்டால் நம் கேட்லாக் போச்சு" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தவறு அண்ணே. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்துக்காக 1999இல் எழுதத் தொடங்கிய நூலக மென்பொருள் அது. உரிமம் ஜிபிஎல், அதாவது யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். சப்போர்ட் விற்கும் கம்பெனிகள் பல உண்டு, முதலாளி கிடையாது.

ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. அதற்கான ரிலீஸ் மேனேஜரைக் கோஹா சமூகமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. ஒருவர் எழுதிய திருத்தத்தை இன்னொருவர் ஓட்டிப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அப்புறம் தரச்சோதனைக் குழு பார்க்கும். பிறகுதான் உள்ளே சேரும். அந்த ஒப்புதலைத் தர புரோகிராமராக இருக்க வேண்டியதில்லை. திருமங்கலத்தில் கவுண்டரில் உட்கார்ந்து பார்கோடு அடிக்கிறவரும் தரலாம்.

கேட்லாக்கா? அது எங்கள் கல்லூரி சர்வரிலேயே இருக்கிறது. சனிக்கிழமைதோறும் மார்க் (MARC, நூல் விவரங்களுக்கான பொது வடிவம்) கோப்பாக இறக்கி பென்டிரைவில் வைக்கிறேன்.