"வாயே திறக்க மாட்டா, அவ்ளோ பொறுமை"

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மருமகளைப் புகழணும்னா இப்படித்தான் சொல்வாங்க. இந்தப் பாராட்டு எனக்குப் பயமா இருக்கு. கோவத்தை அடக்கினா முகம்தான் அமைதியாகும். உள்ள நெஞ்சுப் படபடப்பு இறங்காது.

அடக்கின கோவம் மனச்சோர்வா மாறுற விதத்தைப் பாருங்க. ஒரு கூலித் தொழிலாளி சொல்றாரு: "கான்ட்ராக்டர் என் கூலியைப் பிடிச்சிட்டான்." கேட்டா வேலை போயிடும். அதனால ராத்திரி பாயில படுத்து அதையே ஓட்டி ஓட்டிப் பார்க்குறாரு. தூக்கம் போகுது. கொஞ்ச நாள்ல பேச்சு மாறுது: "நான்தான் ஏமாளி." அப்புறம், "நான் எதுக்குமே லாயக்கில்ல." முதல்ல அவன் மேல இருந்த குற்றச்சாட்டு இப்போ தன் மேல. தன்னைத் திட்டிக்கிறதுக்கு அடியில இன்னொருத்தர் மேல உள்ள கோவம் இருக்கலாம்னு மனோதத்துவ அறிஞர் ஃபிராய்ட் 1917லயே எழுதினார். எல்லாருக்கும் இது பொருந்தாது. பரம்பரை, தைராய்டு, பிரசவம்னு வேற காரணங்களும் உண்டு.

இப்படிக் கோவத்தை உள்ளயே அடக்கினவங்க சோகம்னு சொல்ல மாட்டாங்க. தலைவலி, அசதி, நெஞ்சுல கேஸ்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்குவாங்க. "ஏன் டல்லா இருக்கே?"ன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"தான் பதில். "யார்கிட்ட எதைச் சொல்ல முடியல?"ன்னு கேளுங்க.

அதுக்காக தலையணையைக் குத்துறது, கத்தித் தீர்க்குறது வேணாம். 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2024 அலசல்ல, கொட்டித் தீர்த்தவங்களுக்குக் கோவம் குறையல. உடம்பைத் தணிச்சவங்களுக்குத்தான் குறைஞ்சுது. நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்க, அஞ்சு நிமிஷம். தணிஞ்ச பிறகு ஒரே சம்பவம், ஒரே கோரிக்கை: "நேத்து சொந்தக்காரங்க முன்னாடி திட்டினீங்க அத்தை, அவமானமா இருந்துச்சு. குறை இருந்தா தனியா சொல்லுங்க." "நீங்க எப்பவுமே இப்படித்தான்"னு ஆரம்பிச்சா பத்து வருஷக் கணக்கு வெளிய வந்து, கேக்க வந்தது தொலைஞ்சுடும். அடி விழுற வீட்டுல இதை முயற்சி பண்ணாதீங்க, பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்க. கூலி பாக்கிக்கும் மூச்சுப்பயிற்சி மருந்தில்ல. நாலு பேரா சேர்ந்துதான் கேக்கணும்.

ரெண்டு வாரமா தினமும் மனசு கனத்து, எதுலயும் பிடிப்பில்லாம, தூக்கமும் பசியும் கெட்டிருந்தா ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கோ கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கோ போங்க. கீழ்ப்பாக்கம்னா பைத்தியம்னு பேசுற பேச்சை இனியாவது விடுங்க. மாத்திரை கொடுத்தா, குமட்டல் முதல் வாரமே வரலாம், பலன் தெரிய ரெண்டுலேருந்து நாலு வாரம் ஆகும். இந்த இடைவெளியிலதான் நிறைய பேர் நிறுத்திடுறாங்க. குணமான பிறகும் ஆறு மாசமாவது தொடரணும். நிறுத்துறதும் டாக்டர் சொல்லி, படிப்படியா.

சாகணும்னு தோணினா ரெண்டு வாரம் பார்க்காதீங்க. அந்த நிமிஷமே மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்க. ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.