பழைய கோப்பைத் திறக்க விடுங்கோ

“அண்ணை, ரைட் கிளிக் பண்ணி, கொம்பட்டிபிலிட்டிக்குப் போய், எக்ஸ்பி எண்டதுக்குச் சரி போட்டு விடுங்கோ, ஓடும்.” பேஜ்மேக்கர் எண்ட, பக்கம் கட்டுற பழைய நிரல் புது விண்டோஸில ஓடேல்ல எண்டா எல்லாரும் சொல்லுறது இதுதான். இனி ஆரும் எனக்கு இதைச் சொல்ல வேண்டாம். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

அந்தச் சரி என்ன செய்யுது எண்டு அறிஞ்சிட்டுக் கதையுங்கோ. “இது எந்த விண்டோஸ்?” எண்டு நிரல் கேக்கேக்க “பழைய விண்டோஸ் எக்ஸ்பி” எண்டு பொய் சொல்லும். பழைய பழக்கம் கொஞ்சத்தையும் ஒட்டுப் போட்டுக் காட்டும். அவ்வளவுதான். உண்மையான எக்ஸ்பி அதுக்குள்ள இல்லை.

யாழ்ப்பாணத்தில அச்சகம் வைச்சிருக்கிறவனுக்கு பேஜ்மேக்கர் எண்டா என்ன எண்டு வெளியில இருக்கிறவைக்கு விளங்காது. 1985 இல ஆல்டஸ் கொண்டுவந்தது, 1994 இல ஆல்டஸை அடோபி வாங்கினது, 2001 இல 7.0 வந்ததோட சரி, அதுக்குப் பிறகு புதுப் பதிப்பே இல்லை. எங்கட கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூட மலர், செத்தவையின்ர நினைவா அடிக்கிற கல்வெட்டுப் புத்தகம் எல்லாம், இங்கிலீஸ் எழுத்தின்ர இடத்தில தமிழைக் காட்டுற பாமினிப் பொன்டில ரைப் பண்ணி அதுக்குள்ளதான் கிடக்குது.

“பழசுதானே, விடுங்கோவன்” எண்டுறாங்கள். எப்பிடி விடுறது? தகப்பன் செத்த முப்பத்தொராம் நாள் கிரியைக்கு, முப்பத்தொண்டுக்கு, அடிச்ச கல்வெட்டை, தாய் மோசம் போன உடன தேடி வருவினம். வம்சாவளி அதிலதான் இருக்கு. பேரப்பிள்ளையளின்ர பேர் கொஞ்சம் கூடும், மிச்சம் எல்லாம் அதேதான். கனடாவில இருந்து மகன் எடுத்து, “அப்பான்ர புத்தகம் உங்களிட்டத்தானே அடிச்சது, கோப்பு இருக்கும்தானே” எண்டு கேப்பார். கோப்பு இருக்கு தம்பி. புது மெசினில அதைத் திறந்து பாருங்கோ, அப்ப தெரியும்.

முதல்ல பாமினியைக் காணேல்ல எண்டு ஒரு பெட்டி வரும். போட்ட பொன்ட்தான்! 2018 ஒக்டோபருக்குப் பிறகு வந்த விண்டோஸில சும்மா இன்ஸ்ரோல் குடுத்தா அது உங்கட கணக்குக்குள்ள மட்டும்தான் போய் இருக்கும். பழைய நிரல்கள் கனக்கத்துக்கு அங்க போய்ப் பாக்கத் தெரியாது. “எல்லாருக்கும்” எண்டு தனியாச் சொல்லிப் போடவேணும். இது தெரியாமல் ஓகே குடுத்தா, செத்த மனிசன்ர பேர் பெரிய எழுத்தில, அர்த்தமில்லாத இங்கிலீஸ் எழுத்தாப் பக்கம் முழுக்க நிக்கும். வீட்டுக்காரர் பக்கத்தில கதிரையில இருந்து பாத்துக்கொண்டு இருப்பினம்.

அடுத்தது அட்மின், அதாவது முழு அதிகாரத்தோட நிரலை ஓட்டுற பிரச்சினை. அட்மினா ஓட்டாட்டி, பேஜ்மேக்கர் தன்ர போல்டருக்குள்ள எழுதிறதை விண்டோஸ் தூக்கிக்கொண்டு போய் வேர்ச்சுவல்ஸ்ரோர் எண்ட வேற மூலையில போடும். சரி எண்டு அட்மினா ஓட்டினா, நெற்வேர்க்கில இருக்கிற இசட் டிரைவைக் காணேல்ல. பழைய கோப்பு முழுக்க அங்கதான் இருக்கு! எக்ஸ்புளோரரில தெரியுது, பேஜ்மேக்கரின்ர ஓப்பின் பெட்டியில தெரியாது. இழுத்துக் கொண்டுவந்து போடுவம் எண்டா அதையும் விடாது. இதுக்கெல்லாம் பாதுகாப்புக் காரணம் இருக்கு, எனக்கும் தெரியும். ஆனா கடையில மெசினை விக்கேக்க ஒருத்தரும் இதைச் சொல்லேல்லயே! “எல்லாம் ஓடும் அண்ணை” எண்டு சொல்லித்தானே காசை வாங்கினவை.

ஒரு மாதிரித் திறந்தாச்சு எண்டு வையுங்கோ. பழைய பிறிண்டர் இல்லை, புதுசுக்கு மாத்தின உடன வரி உடையிற இடம் மாறுது. கட்டுரையில எண்டாப் பரவாயில்லை. செத்த நாளின்ர திதியைச் சொல்லுற திதி வெண்பாவில ரெண்டாம் அடிக் கடைசியில நிக்கிற தனிச்சொல் கீழ விழுந்து தனி வரியாகுது. நாலடி வெண்பா அஞ்சு வரியா அச்சில போனா, அதை எழுதிக் குடுத்த ஐயா என்னைத்தான் கேப்பார்.

“யூனிகோட்டுக்கு மாத்துங்கோவன்” எண்டுறவைக்கும் ஒண்டு சொல்லவேணும். யூனிகோட் எண்டுறது இப்ப எல்லா மெசினுக்கும் பொதுவான எழுத்து முறை. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. பாமினியில கொம்பு முதல், எழுத்துப் பிறகு. யூனிகோட்டில எழுத்து முதல், கொம்பு பிறகு. மாத்திறதுக்குக் கருவி இருக்கு, கொம்பை அது பாத்துக்கொள்ளும். ஆனா இடையில கிடக்கிற இங்கிலீஸ் பட்டம், லண்டன் விலாசம் எல்லாத்தையும் சேத்துத் தமிழ் எழுத்தாக்கி உளறும். அதை ஒவ்வொண்டாப் பாத்துத் திருத்திறது ஆர்? முப்பத்தொண்டு ஆருக்காகவும் தள்ளிப்போகாது.

எனக்கு எரியிறது இன்னொண்டு. 90களில வந்த கனக்க நிரல்களில நிரல் 32 பிட், அதைப் போடுற செட்டப் மட்டும் அதுக்கும் முந்தின கால 16 பிட். 64 பிட் விண்டோஸ் 16 பிட்டை ஓட்டாது. விண்டோஸ் 11 இல 32 பிட் பதிப்பே இல்லை. ஆனா விண்டோஸுக்குப் பதிலாப் போடுற லினக்ஸில, விண்டோஸ் நிரல்களை ஓட்ட எண்டு செய்த வைன் அந்த 16 பிட் நிரலையும் ஓட்டும். 1993 இல தொடங்கி, பதினைஞ்சு வருசம் மினக்கெட்டு 2008 இலதான் வைன் 1.0 வந்தது. கனபேர் தங்கட சொந்த நேரத்தில செய்த வேலை. வெளியாக்கள் செய்து காட்டினதை, விண்டோஸைச் செய்தவையே கைவிட்டது எந்த நியாயம்?

கோப்பு விசயமும் அப்பிடித்தான். பேஜ்மேக்கருக்குப் பதிலா அடோபி விட்ட இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தது, பிறகு வந்ததுகளில அந்த வாசலைப் பூட்டிப் போட்டாங்கள். 2015 இல லிப்ரே ஒபிஸ் எண்ட வேற நிரலின்ர 4.4 பதிப்புத்தான் திரும்பத் திறந்து விட்டது. அதில பெட்டியள் இடம் மாறும், வம்சாவளிக் கோடுகள் குழம்பும், எண்டாலும் எழுத்தாவது கைக்கு வரும்.

நிரல் செய்யிற கொம்பனிக்காரரே, விக்கிறதை நிப்பாட்டுறது உங்கட விருப்பம். நிப்பாட்டுற அண்டைக்கே, கோப்பு எப்பிடிக் கட்டியிருக்கு எண்ட விபரம் முழுக்க வெளியில வரவேணும். எங்கட ஊர்க் கடைத் தம்பிமாரே, அச்சகத்து மெசினைப் போமற் அடிக்க முதல் அதுக்குள்ள என்ன ஓடுது எண்டு கேளுங்கோ. பொன்ட் போல்டரையும் பழைய செட்டப் சீடியையும் எடுத்து வைச்சிட்டு அடியுங்கோ.